பத்துப் பைசா குறைந்த செக்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை காலை.

மதிப்புக்குரிய சம்பந்தி அனந்தராமன் அவர்களுக்கு, வெங்கடரமணன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் ஜெயலக்ஷ்மியும் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. முதல் வரியிலேயே பொய் எழுத மனசு வரவில்லை. ஜெயலக்ஷ்மி சௌக்கியம். நான் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்கு பஸ் ஏறினால் முக்கால் மணி, போனை எடுத்தால் அரை நிமிஷம், இதற்குப் போய் ஒரு மனுஷன் கடிதம் எழுதுவானா என்று உங்களுக்குத் தோன்றும். போனும் செய்தேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் மணி அடித்ததும் நானே பயந்துபோய் வைத்துவிட்டேன். உங்கள் போனில் என் பெயரில் நாலு மிஸ்டு கால் இருந்தால், கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் தைரியம் இல்லாமல் வந்தவை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் கவரில் வைத்துக் கொடுத்த செக், கணக்கில் பணம் போதவில்லை என்று திரும்பிவிட்டது. உங்கள் வங்கி உங்களுக்குச் சொல்லியிருக்கும். அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்தப் பேசாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் பெண் ஹம்சினி உங்கள் வீட்டில் இருக்கிறாள். 'உங்கப்பா கொடுத்த செக்' என்று யாராவது ஆரம்பித்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து, சாப்பிட உட்கார்ந்தால் சாதம் இறங்கவில்லை. ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். முப்பத்தாறு வருஷம் தணிக்கைத் துறையில் மற்றவர்கள் கணக்கில் ஓட்டை தேடியே சம்பளம் வாங்கியவன் நான். என் கணக்கில் ஓட்டை விழுந்த கதை இது.

ஹம்சினி கல்யாணத்தின்போது நீங்கள் ஒரு பைசா கேட்கவில்லை, மண்டபச் செலவில் பாதியையும் நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்காவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று போன வருஷமே முடிவு செய்தேன். என் பென்ஷன் வருகிற கணக்கு ஜெயலக்ஷ்மியின் ஆட்சியில் இருக்கிறது. அதிலிருந்து நான் ஒரு காபிக்குப் பணம் எடுத்தாலும் அவள் போனில் மணி அடிக்கும். அதனால் லஸ் பக்கம் ஒரு வங்கியில் எனக்கென்று தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்து, அவள் என் கைச்செலவுக்குத் தருவதில் மிச்சம் பிடித்து, மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் பத்து மாதம் போட்டேன். சுளையாக இருபத்தையாயிரம். ஆனால் சீர் என்று கொடுக்கும்போது தொகை பூஜ்யத்தில் முடியலாமா? நம் வீடுகளில் யார் அப்படிக் கொடுப்பார்கள்? இருபத்தையாயிரத்து ஒன்று என்று எழுதினேன். அந்த ஒரு ரூபாய்க்கு எங்கே போவது என்று நான் யோசிக்காமல் இல்லை. பத்து மாசத்துக்கு வட்டி வந்திருக்குமே, அதில் ஒரு ரூபாய்க்கா பஞ்சம் என்று நினைத்தேன். ஜெயலக்ஷ்மி மாட வீதியில் வாங்கி வந்த பிள்ளையார் படம் போட்ட தங்கக் கலர் கவரில் செக்கை நானே வைத்தேன், அவள் ஒட்டினாள், நீங்கள் மாலையும் கழுத்துமாக நின்றபோது உங்கள் கையில் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துகொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. செக் திரும்பியது, அதற்குக் கட்டணம் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் பிடிக்கப்பட்டது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார். நேரே வங்கிக்குப் போனேன். தாரணி என்று ஒரு பெண், கவுண்டரில் இருந்தாள், நல்ல பெண், பொறுமைசாலி. "வட்டி வந்திருக்கு சார், இருநூத்தித் தொண்ணூறு ரூபா" என்றாள். "அப்புறம் என்னம்மா?" என்றேன். "டெபிட் கார்டுக்கு வருஷக் கட்டணம் வரியோட இருநூத்தி முப்பத்தாறு. எஸ்எம்எஸ் கட்டணம் மூணு தடவை, அம்பத்து மூணு ரூபா பத்துப் பைசா" என்றாள். அந்தக் கார்டை நான் உறையிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை சம்பந்தி. பீரோவில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்ததற்கு இருநூற்று முப்பத்தாறு. எஸ்எம்எஸ் என்றால், உன் பணம் போயிற்று என்று எனக்குச் சொல்வதற்கு என்னிடமே காசு. கழித்துப் பார்த்தால் செக் வந்த அன்று என் கணக்கில் இருந்தது இருபத்தையாயிரம் ரூபாய் தொண்ணூறு பைசா. நான் எழுதியது இருபத்தையாயிரத்து ஒன்று. குறைந்தது பத்துப் பைசா. உங்கள் முன்னால் என் மானம் போனது பத்துப் பைசாவுக்கு!

"ஓவர்டிராஃப்ட் வசதி போட்டிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது சார், குறையற பணத்தை பேங்கே குடுத்துட்டு அப்புறமா வட்டியோட எடுத்துக்கும்" என்றாள் தாரணி. கணக்கு ஆரம்பித்த அன்றைக்கே இதைச் சொன்னாளாம். இல்லாத பணத்தை எடுத்துச் செலவழிக்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று நான் அவளுக்குப் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்தேனாம். செய்திருப்பேன். எனக்கே ஞாபகம் வருகிறது. அன்றைக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மேனேஜருக்கு ஒரு ஆட்சேபணை மனு எழுதினேன். பதினொரு பத்தி. அதற்கு ஆதாரமாகக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கணக்கு விவரம் வேண்டும் என்று மறுநாள் ஒரு படிவம் பூர்த்தி செய்து கொடுத்தேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ நாலு வரி இருந்தது, கண்ணாடி மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் மேனேஜர் சண்முகவேலைப் பார்க்க மூன்றாம் தடவையாகப் போனேன். உட்காரச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன், குறைகிற பத்துப் பைசாவையாவது கட்டிவிடலாம் என்று வாசலில் இருந்த பணம் போடும் மெஷினில் பத்து ரூபாய் நோட்டைச் சொருகினேன், துப்பிவிட்டது. மறுபடி சொருகினேன், மறுபடி துப்பியது. காவலாளி எழுந்து வந்தார்.

"இன்னா சார், அது நூறுக்குக் கீழ வாங்காது. எவ்ளோ கட்டணும் நீ?"

"பத்துப் பைசா."

"பத்துப் பைசாவா? அது எங்க சார் கீது இப்போ? செல்லாதுன்னு சொல்லி எத்தினி வருசம் ஆவுது!"

அந்த இடத்திலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. நூறு ரூபாய் நோட்டை மெஷினில் போட்டுவிட்டு, மேனேஜர் அறைக்குள் நுழைந்து பதினொரு பத்தி மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரே கேள்விதான் கேட்டேன். "நாட்டில் செல்லாத காசு பத்துப் பைசா. அதை நான் கொண்டுவந்து நீட்டினால் நீங்கள் வாங்குவீர்களா? மாட்டீர்கள். நீங்களே வாங்காத காசு குறைகிறது என்று என் செக்கை எப்படித் திருப்பலாம்?" சண்முகவேல் சிரித்தார், பேனாவை மூடினார், திறந்தார். "கம்ப்யூட்டருக்குச் செல்லுதே சார்" என்றார். "அப்போ கம்ப்யூட்டரையே என் சம்பந்திக்கு பதில் சொல்லச் சொல்லுங்கோ!" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது, உங்களிடம் மறைப்பானேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி கே.கே. நகரில் இருக்கிறாளாம். ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாயையும் திருப்பிப் போட்டுவிட்டார். காபி வரவழைத்துக் கொடுத்தார். முத்திரை போட்ட கணக்கு விவரமும் அன்றே கைக்கு வந்தது, வெற்றிப் பத்திரம் மாதிரி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது என் கணக்கில் இருபத்தையாயிரத்து நூறு ரூபாய் தொண்ணூறு பைசா இருக்கிறது. எல்லாச் செலவும் போகத் தாராளமாக மிச்சம். ஆகவே இத்துடன் இருபத்தையாயிரத்து ஒரு ரூபாய்க்குப் புது செக் வைத்திருக்கிறேன். தைரியமாக வங்கியில் போடுங்கள். பழைய செக் திரும்பியதற்கு உங்கள் வங்கி உங்களிடமும் கட்டணம் பிடித்திருக்கும். எவ்வளவு என்று சொல்லுங்கள், அதையும் கட்டிவிடுகிறேன். நடந்தது பத்துப் பைசாவால் வந்த வினை, நாணயக் குறைவு அல்ல என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, பழையபடி பேசுங்கள்.

சம்பந்தி மாமிக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். மாப்பிள்ளை ஸ்ரீநாத்துக்கும் ஹம்சினிக்கும் எல்லா நலமும் குறைவில்லாமல், பத்துப் பைசா அளவுகூடக் குறைவில்லாமல், சேர எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்,
வெங்கடரமணன்

பி.கு. செக்கை வங்கியில் போட வேண்டாம். தயவுசெய்து போட வேண்டாம். கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் போனில் செய்தி. முத்திரை போட்ட கணக்கு விவரம் கொடுத்ததற்கு வரியோடு நூற்றுப் பதினெட்டு ரூபாய் பிடித்துவிட்டார்கள். அந்தப் பொடி எழுத்து நாலு வரி அதுதானாம். இப்போது இருப்பது இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு ரூபாய் தொண்ணூறு பைசா.

நான் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்து ஜெயலக்ஷ்மி கடிதம் முழுவதையும் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஏன்னா, அந்தக் கவர்லயே ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்துதே, பார்க்கலையா? கடையிலயே ஒட்டித்தானே விக்கறா? நீங்க வெறும் இருபத்தஞ்சாயிரம்னு எழுதியிருந்தா போறுமே!" என்றாள். முப்பத்தாறு வருஷத் தணிக்கைக் கண்ணில் அந்தக் காசு படவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஹம்சினி போன் செய்தாள். அடக்க முடியாமல், "செக் திரும்பினதைப் பத்தி ஆத்துல என்னம்மா பேசிக்கறா?" என்று கேட்டுவிட்டேன். "எந்தச் செக்குப்பா? நீ குடுத்த செக் அன்னிக்கே வரவு ஆயிடுத்துன்னு மாமா எல்லார் எதிர்லயும் சொன்னாரே. மாமி ரெண்டு தடவை கேட்டப்பவும் அதையேதானே சொன்னார்" என்றாள். நான் ஏதோ உளறிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். சம்பந்தி, நீங்கள் மூன்று வாரமாகப் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இத்தனை பக்கத்தைத் திரும்ப எழுதவும் எனக்குத் தெம்பு இல்லை. மாமி கையில் கிடைத்தால் நீங்கள் காப்பாற்றியதெல்லாம் வீணாகிவிடும் என்பதால் கவர்மேல் 'அனந்தராமன் மட்டும் பிரிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால்தான் மாமி முதலில் பிரிப்பார் என்கிறாள் ஜெயலக்ஷ்மி. செக்கை என் கையால் கிழித்தால் அதற்கும் ஒரு கட்டணம் பிடிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது, படித்ததும் நீங்களே செக்கோடு சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கணக்கை மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரொக்கமாகக் கொண்டுவருகிறேன். குறைகிற பதினேழு ரூபாய் பத்துப் பைசாவை ஜெயலக்ஷ்மி கொடுக்கிறாள், ஆக நானும் கடைசியில் ஓவர்டிராஃப்ட் வாங்கியாகிவிட்டது. கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை. நான் கொண்டுவருவது இருபத்தையாயிரம்தான். அந்த ஒரு ரூபாய் உங்களிடம் இருக்கிறது.