பங்காளியா, மச்சானா?

“மரபணு படிக்கறாளா? அது என்ன வேலைன்னு சொல்லி நான் எந்த ஊட்டுல போயி மாப்பிள்ளை கேக்கறதுங்க?”

நான் எம்.எஸ்ஸி. சேர்ந்த வாரம், அன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் இப்படிக் கேட்டவர் மச்சத் தரகர். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர், கைநாட்டு. நான்தான் சொன்னேன்: “கேக்கவே வேண்டாமுங்க.”

அன்னூருக்கும் காரமடைக்கும் நடுவே ஏறிய தாலிகளில் பாதி மச்சத் தரகர் முடித்துவைத்தவை. மீதிப் பாதி அவர் வேண்டாம் என்று சொல்லியும் நடந்தவை. அந்த வீடுகளில் சண்டை என்று கேள்விப்பட்டால் அன்று அவருக்கு இரண்டு டீ.

அவருக்கு உலகத்தில் இரண்டே முறைதான். ஒரே குலம் என்றால் பங்காளி. பெண் எடுக்கக் கூடாது. வேறு குலம் என்றால் மச்சான், தாராளமாகப் பேசலாம். எங்கள் பசுவுக்குச் சினை ஊசி போட வந்த கால்நடை டாக்டரையே நிறுத்திவிட்டார். “ஏனுங்க, அந்த ஊசிக்குள்ளார இருக்கற காளை எந்த ஊருங்க? பங்காளி மொறையா இருந்துபோடப் போகுது.” டாக்டர் ஊசியை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

பட்டப்பெயருக்குக் காரணம் இடது குதிகாலில் இருந்த கருப்பு மச்சம். காலில் மச்சம் இருப்பவன் ஊர் சுற்றுவான் என்பார்கள். அவர் ஊர் சுற்றித்தான் பிழைத்தார். கல்யாண வீடுகளில் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டுவார். மச்சம் பெரிதானபோது, “பொழப்பும் பெருசாகுது பாருங்க” என்று சிரித்தார். அதில் ரத்தம் கசிந்தபோதும் செருப்பைத்தான் மாற்றினார்.

என் அக்கா கல்யாணத்தில் அவர் காலைத் தூக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அப்போது கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் மரபணு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். “நாளைக்கே என்கூட வாரீங்க” என்றேன்.

“புள்ளைக்கு என் மச்சத்து மேல பொறாமை” என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். ஆனால் வந்தார்.

மெலனோமா. தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்று. குதிகாலில் இருந்ததை அறுத்து எடுத்தார்கள். சில மாதங்களில் முதுகில் இன்னொன்று தெரிந்தது.

“இது கால்ல இருந்து பரவினதா, தனியா மொளைச்சதான்னு ரெண்டோட மரபணுவையும் பாக்கணுமுங்க. பரவியிருந்தாத்தான் பயம். தனியா வந்திருந்தா வெட்டி எடுத்துபோடலாம்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “ரெண்டும் பங்காளியா, மச்சானான்னு பாக்கப் போற?”

“அதேதானுங்க.”

“இதுக்கா அம்மணி இத்தனை வருசம் படிச்ச? எங்கூடவே சுத்தியிருக்கலாமே!”

காலில் இருந்ததன் மரபணுப் பிழைகள் வேறு, முதுகில் இருந்ததன் பிழைகள் வேறு. ஒரே உடம்பில் ஒரே சோற்றில் வளர்ந்தும் ஒன்றுக்கொன்று அன்னியம். “மச்சான் மொறைதானுங்க” என்றேன். தேங்காய் பன் வாங்கி வார்டு முழுக்கக் கொடுத்தார். முதுகில் இருந்ததையும் எடுத்தார்கள். அதில் இருந்த பிழைக்கென்றே ஒரு மாத்திரை உண்டு, இப்போது தேவையில்லை என்று டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை.

அடுத்த வருடம் நுரையீரலில் கட்டி. அவர் கலங்கவில்லை. “முதுகுக்காரனோட பங்காளியா இருந்துட்டா மாத்திரை இருக்குதல்ல?”

நுரையீரலில் எடுத்த துணுக்கைப் பரிசோதித்தோம். நம்ப மனசில்லாமல் மறுபடியும் பரிசோதித்தேன். அது குதிகாலின் பங்காளி. மாத்திரைக்கான அந்தப் பிழை அதில் இல்லை.

“மாத்திரை முதுகுல இருந்ததுக்குத்தானுங்க” என்றேன். “இதுக்குப் பொருந்தாது.”

அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு பொருத்தமும் இல்லீங்களா?”

அவர் எனக்கு ‘ங்க’ போட்டது அன்றுதான்.

“இல்லீங்க.”

“பொருத்தம் இல்லைன்னு எத்தனை ஊட்டுல சொல்லிப்போட்டு, அங்கயே காப்பியும் குடிச்சுட்டு வந்திருக்கறேன்” என்றார். “போ, நீ ஒரு காப்பி குடி அம்மணி. மூஞ்சி வாடிக் கெடக்குது.”

வேறு மருந்து கொடுத்தார்கள். அது கொஞ்ச காலம்தான் தாங்கியது. காரமடைத் தேருக்கு முன்பே போய்விட்டார். அவர் வீட்டு வாசலில் பங்காளிகள் ஒரு பக்கம், மச்சான்மார்கள் ஒரு பக்கம் நின்றார்கள். எந்தப் பக்கம் போவதென்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் நின்று அழுதேன்.

போன மாதம் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் மெலனோமா வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்து, எதற்கு எந்த மருந்து ஒத்துவரும் என்று பார்ப்பது.

“அது என்ன வேலை கண்ணு? கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?” என்றார் அப்பா.

“தரகர் வேலைன்னு சொல்லுங்கப்பா” என்றேன்.