மாப்பிள்ளைட காக்காவுக்கு ஒரு வீடு

எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற புது வீட்டைக் காட்டி 'வாடகைக்குக் குடுப்பீங்களா' என்று கேட்கிறவன் ஒன்றில் வெளியூர்க்காரன், இல்லாவிட்டால் மடையன். நான் கல்முனையிலேயே பிறந்து வளர்ந்தவன். மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஒரு கம்பனிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாற்றலாகி வருகிறவர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், பால்காரர் எல்லாம் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. (வாய் நீளம் என்பதால் தந்த பதவி.) மாத்தளையிலிருந்து வந்த மனேஜர் நவாஸ் சேர் ஒரு லொட்ஜில் தனியாகக் கிடந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் அங்கே. பின்னேரமானால் அவர்களோடு போனில் கதைத்துவிட்டுக் கண்ணைத் துடைப்பார். "இந்த மாசத்துக்குள்ள வீடு கிடைக்காட்டி வேலையே வேணாம்னு போயிடுவேன் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை.

பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியாரின் வீடு, பெயின்ட் அடித்து முடித்துப் பூட்டிக் கிடந்தது. ஹாஜியாரின் குடும்பம் பக்கத்து வீட்டில்; பெண்கள் இருக்கிற இடமென்று உம்மாவையும் கூட்டிப் போனேன். உம்மா பெருநாள் சாரியில், சேர் டை கட்டி, நான் அயன் பண்ணின வெள்ளைச் சட்டையில். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் அங்கே குடிபோவார். அப்படியான வீட்டு வாசலில் இந்தக் கோலத்தில் மூன்று பேர் வந்து நின்றால் ஆர்தான் என்ன நினைப்பார்கள்? என் மண்டையில் அது ஏறவே இல்லை.

'வீடு பார்க்க வந்தோம்' என்றதும் ஹாஜியார் பூட்டைத் திறந்து உட்காரவைத்தார், விருந்து இனிப்பான வட்டிலப்பம் வந்தது. வாடகைக்கு வருகிறவனுக்கு வட்டிலப்பமா என்றுகூட யோசிக்காமல் இரண்டு துண்டு சாப்பிட்டேன். பிறகு எழும்பிக் குழாய்களைத் திறந்து பார்த்தேன், கதவுகளைத் தட்டிப் பார்த்தேன்.

"பாத்ரூம் ஒண்டுதானா ஹாஜியார்? காணாதே."

ஹாஜியார் நெற்றியைத் துடைத்தார். "இன்னொண்டு கட்டித் தாறன் மகன்."

"சமைக்கிற குசினியும் சின்னன்."

"இடிச்சுப் பெருப்பிக்கலாம்."

சேர் என் காதுக்குள், "என்ன தங்கமான சனம் தம்பி, வாடகைக்காரனுக்கு இவ்வளவு செய்றாங்களே" என்று உருகினார். ஊரையே நான் கட்டினது மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன். உம்மா மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தா. (கறை பட்டுவிட்டதாக்கும் என்று நான் துடைத்துக்கொண்டேன்.)

சந்தோஷம் தாங்காமல் சேரே வாயைத் திறந்தார். "அப்ப வெள்ளிக்கிழமையே வரட்டுமா? என் மனைவியும் மூணு புள்ளைகளும் பெட்டி கட்டிட்டு இருக்காங்க."

ஹாஜியார் சேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மகன், மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறது எங்கட வழக்கம். மாப்பிள்ளைட காக்கா பொஞ்சாதி புள்ளையோட வந்து குடியிருக்கிறது எந்த ஊரு வழக்கம்?"

(காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.)

வெட்கத்தில் செத்தே போனேன். "இல்ல ஹாஜியார், நாங்க வாடகைக்கு..." என்று நான் இழுக்க, அவருடைய முகம் கறுத்துவிட்டது. சேர் நிலத்தைப் பார்த்தபடி, "நான் மாத்தளைக்கே போறேன் தம்பி" என்றார்.

அந்த நேரம் திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜியாரின் மகள் கதைத்தாள். "வாப்பா, அவங்களுக்கே குடுங்க. நான் படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் கிடக்குதானே." மாப்பிள்ளையிடமிருந்து தப்பிய சந்தோஷம் அந்தக் குரலில் நன்றாகவே தெரிந்தது. ஹாஜியார் பூட்டின் திறப்பைச் சேரின் கையில் வைத்தார்.

அவள் படித்து டீச்சரானாள், வேறொருவரைக் கட்டினாள். (உம்மாவுக்கு அதில் இன்னமும் ஒரு கவலை.) எங்கள் வீட்டில் சேருக்கு இன்றைக்கும் 'மாப்பிள்ளைட காக்கா' என்றுதான் பெயர். அவரோ பிறகு போகவே இல்லை. திரும்ப மாற்றல் கிடைத்தபோது பிள்ளைகள் அழுத அழுகையில் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூத்த மகளுக்கு இங்கேயே காணி வாங்கி, எங்கள் வழக்கப்படியே வீடும் கட்டினார்.

போன மாதம் அந்த வீட்டைப் பார்க்க மாப்பிள்ளைப் பக்கத்தார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். சேர் வியர்த்து விறுவிறுத்துப்போய் வாசலில் நின்றார். பக்கத்தில் நிற்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார். ஸலாம் சொல்லி முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"இதுல மாப்பிள்ளை ஆரு, வாடகைக்கு வந்தது ஆரு?"