ரஷ்யாவில் படர்ந்த மிளகுக் கொடி

ரஷ்யர்களைப் பற்றி ரஷ்யர்களுக்கே தெரியாத உண்மையை உலகுக்கு அறிவித்த பெருமை மாத்தளையையே சாரும். எங்கள் கலாநிதி யோகேந்திரன் பாதி ஆயுளைச் செலவழித்து ‘ரஷ்யச் சமூகத்தில் சித்தாந்தமும் அன்றாட வாழ்வும்’ என்ற ஆய்வை முடித்தார். அதன் சாரம்: பொய் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் கைதட்டுவார்கள்.

அதை அச்சிடும் ‘பாக்கியம்’ எங்கள் அச்சகத்துக்குக் கிடைத்தது. வெளியீட்டுக்கு முந்திய இரவு கரண்ட் போய்விட்டது. அட்டை மட்டுமே தயார். முதலாளி லாபிர் நானா ஆழ்ந்து சிந்தித்தார். மூலையில் மிஞ்சிக் கிடந்த மிளகுச் செய்கைக் கையேடுகளின் அட்டையைக் கிழித்துவிட்டு, ரஷ்யாவை ஒட்டச் சொன்னார்.

“நானா, யாராச்சும் விரிச்சுப் பாத்தா?” என்று கேட்டேன்.

“வெளியீட்டுல எவன்டா புத்தகத்த விரிக்கிறான்? விரிச்சா, நீதான் தூக்கக் கலக்கத்துல மாத்தி ஒட்டினதா சொல்லுவேன். அதோட உன் வேல சரி.”

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவனுக்கு இந்த நைட் ஷிப்டைத் தவிர வேறு ‘பதவி’ இல்லை. ஒட்டினேன்.

மண்டபத்தில் புத்தக மேசை என் பொறுப்பு. முதற்பிரதி பெற்ற பலீல் ஹாஜியார் விரித்தேவிட்டார். ஒரு பக்கம் படித்தார். மூடினார். “ஆழமான புத்தகம்!” என்று மைக்கில் அறிவித்தார். பிறகு என் மேசைக்கு வந்து குனிந்தார்.

“இன்னும் ரெண்டு தாங்க தம்பி. நம்ம தோட்டத்துல கொடி வாடுது.”

நயவுரைக்கு வந்த நிரோஜா டீச்சரும் விரித்தார். ஒரு கணம்தான் திகைப்பு.

“‘கொடியைக் கிளிசிறிடியா மரத்தில் இறுக்கிக் கட்டவும்.’ ரஷ்யக் குடிமகனின் நிலையை இதைவிட யாரால் சொல்ல முடியும்?”

சபை அதிர்ந்தது.

ஏற்புரையில் கலாநிதி ஒரு பந்தி வாசிக்கத் தன் நூலைத் திறந்தார். முகம் செத்துப்போனது. நேரே என்னைப் பார்த்தார். என் வேலை அவர் நாக்கு நுனியில் நின்றது.

“நேரமின்மை கருதி வாசிப்பைத் தவிர்க்கிறேன்.”

பலத்த கைதட்டல். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவன் நான்.

அடுத்த வாரம் கலாநிதி அச்சகத்துக்கே வந்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுக்க லாபிர் நானா விரலைத் தயாராக நீட்டினார்.

“ரெண்டாம் பதிப்பு போடணும்,” என்றார் கலாநிதி. விரல் மெல்லத் தாழ்ந்தது.

“இப்ப கரண்ட் இருக்கு சேர். உங்க ரஷ்யாவையே உள்ள வச்சிடுறோம்,” என்றேன்.

“ஐயோ, வேணாம் தம்பி! பாராட்டெல்லாம் பேப்பர்ல வந்திருச்சு. இப்ப போய் உள்ள மாத்தினா, அத்தன பெரிய மனுசங்களும் பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே!”