மச்சில் இருப்பது எந்த எலி?

"ஏலே முஃபீதே, மச்சுல மறுபடியும் ஓடுதுலே!" அடுக்களையிலிருந்து உம்மா சைதூன் பீவி கரண்டியோடு வந்து நின்றாள்.

முஃபீது மணியைப் பார்த்தான். நாலு மணிக்குத் துல்கர்னைன் மாமா வருகிறார், மகள் சாஜிதாவை அவனுக்குப் பேசி முடிக்க. சாஜிதா போட்டது ஒரே கண்டிஷன்: "எலி உள்ள வீட்டுல கால் வைக்க மாட்டேன்."

என்ன எலி என்று தெரிந்தால்தான் விரட்ட முடியும், புழுக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றது யூடியூப். மச்சில் ஏறி, அகப்பட்டதையெல்லாம் ஒரு காலி காபித்தூள் பாட்டிலில் அள்ளினான். 'சாம்பிள்' என்று ஸ்டிக்கர் ஒட்டி, அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

வந்து பார்த்தால் ஸ்டிக்கரைக் காணோம்.

"உம்மா, என் பாட்டில் எங்க?"

"ஆளு வாற நேரத்துல ஸ்டிக்கரு என்னலே ஸ்டிக்கரு? எல்லாத்தயும் தொடச்சு அடுக்கிட்டேன். அந்தா, ஓரத்துல பாரு."

ஓரத்தில், உள்ளே கறுப்பாக, பாட்டில். எடுத்துக்கொண்டு ஓடினான்.

பக்கத்து வீட்டு இசக்கிப்பாண்டி ரிட்டயர்டு ஏட்டு. பாட்டிலுக்குள் ஒற்றைக் கண்ணை விட்டுப் பார்த்தார். "பெருச்சாளி."

"இம்புட்டுச் சின்னதா இருக்கே அண்ணாச்சி?"

"குட்டிப் பெருச்சாளிலே! முப்பது வருச சர்வீஸ்ல எத்தன கேஸ் பாத்திருக்கேன்!"

அவரே கொடுத்த இரும்புக் கூண்டில் கருவாடு கட்டி மச்சில் வைத்தான். பத்தாவது நிமிடம் மாட்டியது, அண்ணாச்சியின் பூனை. கூண்டைத் திறந்துவிட்டால் அது இறங்க மறுத்து, அங்கேயே உட்கார்ந்து ஊளையிட்டது.

பைக்கை ஐந்தருவிக்கு விட்டான். அங்கே மூலிகை எண்ணெய் விற்பவர் நாலைந்தை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்த்தார்.

"மலை அணிலு தம்பி. வாசமே சொல்லுதுல்லா! கூண்டு வச்சா பாரஸ்ட்காரன் புடிச்சிருவான். ஓட்டு மேல பலாச்சுளை வையுங்க, தானா எறங்கி வந்துரும்."

வைத்தான். அணில் வரவில்லை. ஏழு குரங்குகள் வந்தன. ஓடு ஒவ்வொன்றாகக் கீழே வந்தது.

கூடவே துல்கர்னைன் மாமாவும் வந்தார்.

"மேல என்ன மாப்ள, கல்யாணத்துக்கு முந்தியே மேளம்?"

"கொ... கொரங்கு மாமா."

"கொரங்குதானா? அதுக்கு என்ன? எம்மவளுக்கு எலிதான் ஆவாது."

முஃபீதுக்குப் போன உயிர் வந்தது. சைதூன் பீவி தம்பிக்கு வழக்கமான கருஞ்சீரக டீயை நீட்டினாள். பாவூர்சத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாமா ரசித்து உறிஞ்சிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"லாத்தா, வாசந்தான் கம்மி. ஆனா ஒரு காட்டம் இருக்கு பாரு, ஜோர்! இன்னொரு கிளாஸ் குடு. அடுத்த மாசமே நிக்காஹ்!"

இரண்டாவது கிளாஸும் காலியானது. அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன மாப்ள, பாட்டில முதுகுக்குப் பின்னால ஒளிக்கே?"

"ஒண்ணுமில்ல மாமா... வேண்டாம் மாமா... மாமா!"

மாமா பிடுங்கினார். திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். முஃபீது கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். கல்யாணம் போச்சு.

மாமாவோ மென்றுகொண்டே சிரித்தார்.

"அட, இதுல்லா எங்க கடைக் கருஞ்சீரகம்! அப்போ லாத்தா டீயில போட்டது எந்தக் கடைச் சரக்கு?"