அப்படியா சார்?

மொட்டைமாடியில் ஏதோ தொம்மென்று விழுந்தது. “பூனையா இருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வார்டு அதிகாரி டீயை உறிஞ்சினார். சற்று நேரத்தில் பியூன் வந்து நின்றார்.

“சார், பக்கத்து ஸ்கூல் பசங்க அஞ்சு பேர் வந்திருக்காங்க. உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்.”

மிச்ச டீ சட்டைக்குப் போயிற்று.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. போன வாரம் அந்தப் பள்ளி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போய், “பிள்ளைங்களா, பெரியவங்க எது சொன்னாலும் கேக்கணும்!” என்று மைக்கில் முழங்கியிருந்தார். அடங்கி நடக்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அவர் போய் உட்காருவதற்குள் சமூக அறிவியல் டீச்சர் மைக்கைப் பிடித்து, “சார் சொன்னது காதுல விழுந்துச்சா? பெரியவங்க எது சொன்னாலும் ஏன், எப்படி, எதுக்குன்னு கேக்கணும்!” என்று முடித்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

போதாததற்கு, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மேலதிகாரி அம்மா ஆய்வுக்கு வருகிறார். ஒரே ஒரு புகார் போதும், வருஷக்கணக்காகக் காத்திருந்த பதவி உயர்வு அம்பேல்.

ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். கடைசியில் முன்பல் இல்லாத ஒரு பொடிசு.

“சார், நாங்க வந்து...”

“தெரியும், உட்காருங்க! ஸ்கூல் வாசல் தெருவிளக்கு எரியலை, அதானே? அடுத்த மாசம் போட்டுடலாம்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்படியா சார்?” என்றாள் கண்ணாடிக்காரி.

அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் கத்தியவர்களையும் மேசையைத் தட்டியவர்களையும் டீ கொடுத்தே அனுப்பி வைத்தவர் அவர். தான் சொன்னதை முழுசாக வாங்கிக்கொண்டு, அது சரியா என்று நிதானமாக யோசித்துப் பார்க்கும் முகங்களை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“இல்ல... நாளைக்கே போட்டுடறேன்” என்று அவர் வாய் தானாகச் சொன்னது.

மறுநாள் விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாள் பிள்ளைகள் மறுபடியும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“விளக்குதான் எரியுதே?”

“எரியுது சார்.”

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. அவருக்கு வேர்த்தது.

“புரியுது. இத்தனை நாள் இருட்டுல தெரியலை, இப்ப சாக்கடைக்கு மூடி இல்லாதது பளிச்சுன்னு தெரியுது. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்.”

“அப்படியா சார்?”

“எழுதணும்னு நினைச்சிருக்கேன். சரி விடுங்க, இன்னிக்கே மூடிடறேன்.”

மூடி போடத் தோண்டினால், பக்கத்திலேயே குடிதண்ணீர்க் குழாயில் ஓட்டை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். குழாயை மாற்றத் தெருவை அடைத்தார்கள். அடைத்ததும் வண்டிகளெல்லாம் பள்ளியின் பின்வாசல் வழியாகப் பறந்தன. அங்கே இரண்டு வேகத்தடை போட வேண்டியதாயிற்று.

வீட்டில் மனைவி கேட்டாள். “அந்தக் குழந்தைங்க அப்படி என்னதான் கேக்குதுங்க?”

“ஒண்ணுமே கேக்கலைம்மா. அதான் பயமா இருக்கு.”

“நம்ம தெருவிளக்கும்தான் எரியலை. ஒருநாள் இங்கயும் வந்து உட்காரச் சொல்லுங்களேன்!”

ஆய்வுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அவர் பின்கதவு வழியாக நழுவப் பார்த்தார். அங்கே ஐந்து பேரும் நின்றுகொண்டு மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பகீரென்றது. மாடியில் இருந்தது சிறுவர் வாசகசாலை. உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

“அதுக்குச் சாவி தொலைஞ்சு போச்சு கண்ணுங்களா.”

“அப்படியா சார்?”

அவர் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்ச் சாவியோடு வெளியே வந்தது.

நாற்காலிகள் வெளியேறின. தூசி தட்டியதில் பியூன் தும்மித் தும்மியே களைத்துப் போனார். சாயங்காலம் வாசகசாலையில் உட்கார இடமில்லை. ஒரு பையன் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தி, “இதை யார் சொன்னாங்க? எப்படித் தெரியும்?” என்று இடைமறித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்ற அதிகாரிக்கு மெய்சிலிர்த்தது. குரலை உயர்த்தாமல், ஒரு மனுப் போடாமல், வெறும் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு வார்டைப் புரட்டிப் போட்டுவிட்டார்களே! இந்த வயதில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பிரமிப்பில் இருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். விளக்கைப் பார்த்தார், சாக்கடை மூடியின் மேல் ஏறி நின்றார், குழாய்த் தண்ணீரைக் குடித்தே பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து வைக்கச் சொல்லிப் பியூனை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, வாசகசாலைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இப்படி ஒரு வார்டை நான் பார்த்ததே இல்லை சார். இந்தத் தடவை பதவி உயர்வு உங்களுக்குத்தான்.”

மனசாட்சி என்று ஒன்று தனக்கும் இருந்ததை அதிகாரி அன்றுதான் கவனித்தார்.

“பெருமை எனக்கில்லை மேடம். எல்லாம் இந்தப் பிள்ளைங்க கேட்டது. எவ்வளவு விவரம், எவ்வளவு பொறுமை! நான் வெறுமனே செஞ்சு கொடுத்தேன், அவ்வளவுதான்.”

மேலதிகாரி பொடிசின் பக்கம் குனிந்தார். “அப்படி என்னம்மா கேட்டீங்க?”

அதற்குள் பியூன் மாடிப்படியில் இறங்கி வந்தார். “மேடம், தொட்டி சுத்தமா இருக்கு. அதுக்குப் பின்னால இது கிடந்துச்சு.”

அவர் கையில் ஒரு ரப்பர் பந்து.

பொடிசு பாய்ந்து போய் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“முதல் நாள் இதைக் கேக்கத்தான் மேடம் வந்தோம். சார் பயந்ததைப் பார்த்துட்டுத்தான், அப்புறம் ஒண்ணுமே கேக்காம வந்து உட்கார ஆரம்பிச்சோம்!”