தங்கள் தங்கை துவக்கெடுத்த விபரம்

துன், சுவிஸ்
ஒக்டோபர் 2014

பெருமதிப்புக்குரிய மச்சான் நித்தியானந்தன் அவர்கட்கு,

தாங்களும் மச்சாளும் பிள்ளைகளும் கோப்பாயில் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் விருப்பம். நான் நலமில்லை. தங்கள் தங்கை கலாவதி மிகமிக நலம், அதுதான் சிக்கல். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இந்த வீட்டுச் சுவர் மெல்லியது.

கலாவதி துவக்குச் சுடுகிறாள், மச்சான். பதறவேண்டாம், ஆட்களையல்ல, கடதாசியை. இலங்கைக் கடவுச்சீட்டோடு இருப்பவர் இந்நாட்டில் துவக்கைத் தொடச் சட்டம் விடாது. மூன்று வருடத்துக்கு முன் சுவிஸ் பிரசையாகியே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, தேர்தலில் வாக்குப் போடத்தான் ஆசைப்படுகிறாள் என்று நான் நாலு பேரிடம் பெருமையடித்தேன். கடவுச்சீட்டு வந்த கையோடு, தன்னுடன் ஹோட்டலில் துணி மடிக்கும் சபீனா என்ற பெண்ணோடு போய்ச் சூட்டுக் கழகத்தில் சேர்ந்துவிட்டாள். கலரி ரைபிள் என்று ஒரு போட்டியாம். கைத்துப்பாக்கியின் கட்டைத் தோட்டாவை நீளத் துவக்கில் போட்டுச் சுடவேண்டும். எதிரே இலக்குப் பலகை சில விநாடிகள் முகத்தைக் காட்டும், பிறகு கோபித்த மனைவி மாதிரித் திரும்பிக்கொள்ளும். அதற்குள் சுட்டு முடித்துவிட வேண்டும்.

சென்ற சனிக்கிழமை இறுதிப் போட்டி. முதல் மூவருக்கு, ஜேர்மனியில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குப் போகும் அணியில் இடம். இவள் புள்ளிக் கணக்கில் நாலாவதாக நின்றாள். அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவரும் எண்ணத்துடன்தான் நான் போனேன். முதல் வெடிச் சத்தத்தில் நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கு அடியில் கிடந்தேன், எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்திலிருந்த ஒரு சுவிஸ் அம்மாவின் சுடுகோப்பி முழுவதும் என் முதுகில். அவர் குனிந்து, "என்ன நடந்தது?" என்று கேட்க, மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது என்றேன். நான் கண்ணாடி போடுவதில்லை. அவரும் நல்ல மனுஷி, என்னோடு சேர்ந்து தேடினார்.

கடைசிச் சுற்று. பலகைகள் திரும்பின. கலாவதி சுட்டாள், துவக்கின் அடியிலுள்ள பிடியைத் தள்ளி இழுத்தாள், மறுபடி சுட்டாள். மூன்றாவதில் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டா வெடிக்கவில்லை. அப்படிப்பட்ட தோட்டா பிந்தியும் வெடிக்கலாம் என்று சபீனா முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். ஏன் சொன்னாள்! கலாவதி துவக்கை முன்னுக்குப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறாள். "கலா! கீழை போட்டிட்டு ஓடிவாடி!" என்று கத்திவிட்டேன், மச்சான், ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். உடனே சிவப்பு விளக்கு. எல்லோரும் துவக்கைக் கீழே வைத்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாமிடத்தில் நின்ற பாசல் நகரத்துக்காரர், தன் குறி தவறவேண்டுமென்றே நான் கத்தியதாக நடுவரிடம் முறையிட்டார். கலாவதியை விலக்கவேண்டுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் கத்தினாய் என்று கேட்க, என் சமையலறை ஜேர்மன் மொழியில், "நான் பயம். மனைவி செத்தது" என்றேன். தலைமை நடுவர் அந்த வெடிக்காத தோட்டாவை எடுப்பித்துப் பார்த்தார். பிறகு, குழப்பம் எல்லோருக்கும் பொது, அந்தச் சுற்றை எல்லோரும் மறுபடி சுடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

கலாவதி என்னிடம் வந்தாள். "போதும், வா வீட்டை போவம்" என்றேன்.

"இஞ்சேருங்கோ, ஊரிலை எங்கடை ஒழுங்கைக்குள்ளை ஆமிக்காரங்கள் வரேக்கை நான் எத்தினை தரம் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டிருப்பன்? எப்பவும் துவக்குக்கு முன்னாலை. ஒருக்கா அதுக்குப் பின்னாலை நிண்டு பாக்கிறன், விடுங்கோ."

"எனக்குப் பயமாயிருக்கடி."

"பயப்பிடுங்கோ. சத்தம் போடாதையுங்கோ."

கழுத்துச் சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றேன். பலகைகள் திரும்பின. இந்தமுறை நான் இலக்கைப் பார்க்கவில்லை, அவளுடைய கையைப் பார்த்தேன். முந்திக் கொழும்பில் பொலிஸ் பதிவுக்குப் போகும்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய கை அது. ஒரு நடுக்கம் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் நான்தான் துள்ளினேன். பலகைகள் மறைந்தன, அவள் நிதானமாகத் துவக்கை இறக்கி வைத்தாள்.

ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். மூன்றாமிடம் அவளுக்கு. பாசல்காரர் வந்து அவளுக்குக் கை கொடுத்தார், எனக்குக் கொடுக்கவில்லை.

மச்சான், என் நெஞ்சு இன்னொரு போட்டியைத் தாங்காது. அவள் தட்டாத சொல் தங்கள் சொல் ஒன்றுதான். அண்ணன் என்ற முறையில் ஒரு அதட்டுப் போட்டு, ஜேர்மனிக்குப் போகவேண்டாம் என்று உடனே சொல்லவும். மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடச் சோதனையில் நல்லாய்ச் செய்யட்டும். நல்லூரில் அர்ச்சனை செய்யும்போது என் பெயரையும் ஒருக்கால் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
இராஜேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் சபீனா வந்தாள். ஜேர்மனியில் பார்வையாளரைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள எங்கள் கழகத்திலிருந்து ஒரு ஆள் வேண்டுமாம். எல்லோரும் ஏகமனதாக என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்களாம். முதுகில் பெயர் போட்ட மஞ்சள் மேற்சட்டை, மச்சான்! ஆகவே கலாவதியிடம் ஒன்றும் கதைத்துப்போடாதையுங்கோ. அவள் போகாவிட்டால் என்னையும் போக விடமாட்டார்கள்.