சும்மா இருக்கிறார் என்று ஒரு சான்றிதழ்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதுவது. இங்கே உங்கள் மகன், என் மகள், நம் பேத்தி உருண்டை, நான் ஆகிய நால்வரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், சம்பந்தியம்மாவின் சுகத்தையும், தனியாக அவர்களுடைய இடது முழங்காலின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகு நாம் இருவரும் ஃபோனில் பேசியதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ‘வணக்கம்’, ‘வணக்கம்’, ‘சாப்பாடு ஆச்சா’, ‘இதோ பையன்கிட்ட கொடுக்கிறேன்’ என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் என் மகள் இதைப் படம் பிடித்து உங்கள் ஃபோனுக்கு அனுப்புவாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, காபி குடித்துவிட்டு, கோபமில்லாத நேரமாகப் பார்த்துப் படிக்கவும். ஒரு உதவி கேட்கப்போகிறேன்.

விஷயம் இதுதான். என் விசா முடியப்போகிறது. அது முடிந்தால் நான் கிளம்ப வேண்டும், நான் கிளம்பினால்தான் நீங்கள் இருவரும் வர முடியும், ஏனென்றால் வீட்டில் வருகிறவர்களுக்கு என்று இருப்பது ஒரே அறை, அதிலும் பாதியைத் துணி காயப்போடும் ஸ்டாண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. முறை வைத்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் செய்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பாருங்கள், நான் வந்து இறங்கியபோது இந்த உருண்டைக்குக் கவிழ்ந்து படுத்தால் திரும்பத் தெரியாது, வீடே அதிரக் கத்துவாள். அவளுக்கு உருளக் கற்றுக்கொடுத்தவன் நான். தவழ ஆரம்பித்தபோது முன்னால் போகாமல் பின்னாலேயே போய் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டவளை, தினமும் காலைப் பிடித்து வெளியே இழுத்தவன் நான். இப்போது எழுந்து நிற்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்குகிறாள், யோசிக்கிறாள், தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறாள். இன்றைக்கோ நாளைக்கோ நடந்துவிடுவாள். இந்த நேரம் பார்த்து நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக, நீங்கள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் உங்களைப் பார்த்து நடந்து வருவதா? என் மகள் முதல்முதலாக நடந்தபோது நான் டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். பேத்தி நடப்பதையாவது கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

உங்கள் மகன் தங்கமான பிள்ளை. “கவலைய விடுங்க மாமா, நீட்டிச்சிடலாம்” என்று அவரே விண்ணப்பம் போட்டார். விசா அலுவலகத்தில் என்னை நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். சுற்றிப் பார்க்கும் விசாவில் வந்தவர் இங்கே எந்த வேலையும் செய்யக் கூடாதாம், அதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்களாம். அதற்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையே அதிகாரியாக உட்கார்ந்தார்.

“மாமா, நாள் முழுக்க என்ன பண்றீங்க?”

“காலையில எழுந்து பால் காய்ச்சி, குழந்தையைக் குளிப்பாட்டி...”

“அப்படி இல்ல மாமா. ஒண்ணும் பண்றதில்ல, சும்மா இருக்கேன்னு சொல்லணும்.”

“மக வீட்டுல வந்து சும்மா உக்காந்து சாப்பிடுறேன்னு என் வாயாலயே சொல்லணுமா?”

“ஆமா மாமா.”

“நாலு பேர் முன்னாடியா?”

“ஒருத்தர் முன்னாடிதான் மாமா.”

சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. சும்மா இருந்து பழகினால் தானாக வரும் என்று என் மகள் ஒரு யோசனை சொல்லி, என்னை சோபாவில் உட்கார வைத்து, கையில் தலையணையைக் கொடுத்து, “அப்பா, சாயங்காலம் வரைக்கும் இதை விட்டு எழுந்திருக்கக் கூடாது” என்று கட்டளை போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தால்தானே கண்ணில் படுகிறது, ஜன்னல் திரை மாட்டியிருக்கும் கம்பி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான்? மகள் திரும்பி வந்தபோது கம்பி நேராக இருந்தது, நான் ஏணியில் இருந்தேன், உருண்டை கீழே தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கும் வேலையை அவளாவது செய்தாளே என்றேன்.

நானும் மகளும் நேர்காணலுக்குப் போனோம். அதிகாரி ஒரு சின்னப் பெண், என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். மேஜையில் ஒரு ஃபோன், அந்த ஃபோனுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு அம்மா. முகம் தெரியாது, குரல் மட்டும்தான், ஆனால் நல்ல தமிழ். “ஐயா, அவங்க கேக்கிறதை நான் தமிழ்ல சொல்றேன், நீங்க சொல்றதை அப்படியே அவங்க மொழியில சொல்லிடுறேன்” என்றார். பேர், வயது எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் கேட்டார்கள், பகலில் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று. சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. ‘சும்’ வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், பாவம் இந்தக் கிழவர், பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் போல என்று! எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்ததோ.

“சும்மாவா? நாலு ஆள் வேலையை ஒத்தை ஆளா பாக்குறேம்மா. எழுதிக்கோங்க.”

“ஐயா, இதை நான் சொல்லணுமா?” என்றார் அந்த அம்மா, தணிந்த குரலில்.

“ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.”

அவ்வளவுதான், வண்டி பிரேக் பிடிக்காமல் ஓட ஆரம்பித்துவிட்டது. குழந்தையைப் பார்ப்பது, சமைப்பது, துணி மடிப்பது எல்லாம் சொன்னேன், அதோடு விட்டேனா, மாடிப்படிக் கதவு கிறீச்சிட்டதைச் சரி செய்தது, எதிர்வீட்டுக்காரர் சைக்கிளுக்கு செயின் மாட்டியது, கீழ்வீட்டுப் பெரியம்மா கடைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்குச் சக்கரம் போட்டுக்கொடுத்தது, இப்போது அந்தக் கட்டிடத்தில் யார் வீட்டில் என்ன உடைந்தாலும் நம் வீட்டு மணியைத்தான் அடிக்கிறார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். அதிகாரிப் பெண் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள், தட்டுகிறாள், தட்டிக்கொண்டே இருக்கிறாள். மகள் மேஜைக்கு அடியில் என் காலை ஓங்கி மிதித்தாளாம். அவள் மிதித்தது மேஜையின் காலை. மேஜை ஆடியது. “ஒரு ஸ்பேனர் இருந்தா இதையும் முடுக்கிடலாம்” என்றேன். மொழிபெயர்ப்பு அம்மா அதையும் சொல்லிவிட்டார்.

“இதுக்கெல்லாம் கூலி ஏதாவது வாங்கினீங்களான்னு கேக்கிறாங்க ஐயா. இல்லன்னுதானே சொல்லணும்?”

“ச்சே, நான் எதுக்கு வாங்குறேன்? கீழ்வீட்டுப் பெரியம்மா அவங்களா ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தாங்க.”

“ஐயா, பிஸ்கட்டை விட்டுடலாமா?”

“ஏன் விடணும்? வெண்ணெய் பிஸ்கட்டும்மா.”

அதிகாரிப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன், உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானாம். கடைசியாக ஒரு வழி சொன்னாள். ஊரில் பொறுப்பான பதவியில் இருந்த ஒருவர், என் ரத்த சொந்தமாக இல்லாதவர், என்னை நன்றாகத் தெரிந்தவர், இவர் ஓய்வூதியத்தில் நிம்மதியாக இருப்பவர், எந்த வேலையும் செய்வதில்லை, ஏதோ பெருமைக்குப் பேசிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இன்னொரு முறை யோசிப்பார்களாம்.

யாரிடம் போய்க் கேட்பது? என்னோடு டிப்போவில் இருந்தவர்களைக் கேட்டால் ‘ரிடையர் ஆன பிறகும் வந்து போல்ட்டு முடுக்கிவிட்டுப் போவார்’ என்று எழுதி என்னை ஒரேயடியாக அனுப்பிவைப்பார்கள். எங்கள் தெரு டாக்டரைக் கேட்டால், அவர் ஸ்கூட்டர் இன்னும் என் வீட்டில்தான் பாதி பிரித்துக் கிடக்கிறது. சுற்றிச் சுற்றி யோசித்துப் பார்த்ததில், நான் சும்மா இருப்பவன் என்று சபையில் வாய்விட்டுச் சொன்ன ஒரே மனிதர் நீங்கள்தான் சம்பந்தி.

நீங்கள் மறந்திருப்பீர்கள். கல்யாணத்தன்று பந்தியில் உங்கள் பழைய மேலதிகாரி “பொண்ணோட அப்பா என்ன பண்றார்?” என்று கேட்டார். நீங்கள் இலையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் “அவரா? சும்மாதான் இருக்கார்” என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் தண்ணீர் ஜக்கோடு நான் நின்றுகொண்டிருந்தேன். விடியற்காலையிலிருந்து மண்டபம் முழுக்க நாற்காலி போட்டவன் நான், ஜெனரேட்டர் நின்றுபோனபோது புதுச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அதற்குள் கையை விட்டவன் நான். சும்மா இருக்கிறவன் கையில் கிரீஸ் எப்படி ஐயா வரும்? அன்றிலிருந்துதான் நமக்குள் வணக்கம், வணக்கம். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எந்த வார்த்தைக்காக உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனோ, அதே வார்த்தையைக் காகிதத்தில் எழுதி, கீழே ‘வங்கி மேலாளர், ஓய்வு’ என்று போட்டு, முத்திரை இருந்தால் அதையும் ஒரு குத்து குத்தி அனுப்பும்படி இரு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்: ‘இவரை எனக்கு நன்றாகத் தெரியும். இவர் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட மாட்டார். கண் எதிரே குழாய் ஒழுகினாலும் நகர மாட்டார்.’ இதை எழுதிவிட்டு எழுந்து போய் சமையலறைக் குழாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். ‘சோம்பேறி’ என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள், நாளைக்கு உருண்டை படிப்பாள்.

இதனால் உங்கள் முறை தள்ளிப்போகும் என்பது தெரியாமல் இல்லை. அவள் நடந்த மறுநாளே நான் கிளம்பிவிடுவேன், இது டிப்போவில் ஃபோர்மேனாக இருந்தவன் வாக்கு. அதுவரைக்கும் தினமும் உங்கள் படத்தைக் காட்டி ‘தாத்தா’ சொல்லிக் கொடுக்கிறேன். மீசையைப் பார்த்து அழுகிறாள், போகப் போகச் சரியாகிவிடும்.

சம்பந்தியம்மாவுக்கு என் மரியாதையைச் சொல்லவும். முழங்காலுக்குப் படி ஏறுவதைக் குறைக்கச் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், கரண்ட் போகாமல், தண்ணீர் நிற்காமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சான்றிதழை எதிர்பார்த்து ஒரு வேலையும் செய்யாமல் காத்திருக்கும்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தைக் கொடுக்கப் போனால் மகள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள், மாப்பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் உங்களிடம் கேட்கத் தயங்குவேன் என்று அவரே எனக்குத் தெரியாமல் உங்களை ஃபோனில் கூப்பிட்டாராம். மாமனாரைச் சும்மா இருப்பவர் என்று எழுதுங்கள் என்று சொல்ல நாக்கு கூசி, “மாமா எப்படிப்பட்டவர்னு நாலு வரி எழுதி அந்த அலுவலகத்துக்கே அனுப்பிடுங்கப்பா” என்று மட்டும் சொன்னாராம். நீங்களும் அனுப்பிவிட்டு, நகலை மகனுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். நாலு வரியா சம்பந்தி அது? இரண்டு பக்கம்! ‘என் வாழ்நாளில் இப்படி ஓர் ஓயாத உழைப்பாளியைக் கண்டதில்லை.’ ‘எங்கே போனாலும் அங்கே உள்ள பழுதையெல்லாம் நீக்காமல் திரும்ப மாட்டார்.’ போதாததற்கு, ‘கல்யாணத்தன்று யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், திரும்பிப் பார்த்தபோது அவர் நின்றிருந்தார், அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது, மன்னிப்புக் கேட்கும் வழி தெரியாமல் இருந்த எனக்கு இந்த வாய்ப்பைத் தந்த அலுவலகத்தாருக்கு நன்றி.’ இதையெல்லாமா விசா அலுவலகத்துக்கு எழுதுவார்கள்?

நீட்டிப்பு கிடையாது என்று பதில் வந்துவிட்டது. மகளை உங்கள் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அப்புறம் மாப்பிள்ளையைப் படிக்கச் சொன்னேன், அவர் குரல் உங்கள் குரல் மாதிரியே இருக்கும். “தப்பா எழுதிட்டேன்னு சொல்லி என் மாமனாரை வேற கடிதம் அனுப்பச் சொல்லலாம்பா” என்றாள் மகள். ஒரு எழுத்தை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உருண்டை நடப்பதைப் பார்க்காமல்தான் போகப்போகிறேன். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைப் பார்க்கப்போவது நீங்கள் என்று நினைத்தால் இன்று காலைவரை இருந்த எரிச்சல் இப்போது இல்லை.

இதோ, மாப்பிள்ளை விசா அலுவலகத்துப் பதிலின் கடைசிப் பகுதியையும் படித்துக் காட்டுகிறார். ‘அவர் விட்டுவிட்டு வரும் வேலைகளை நான் போய்த் தொடர்வேன்’ என்று உங்கள் கடிதத்தில் மரியாதைக்கு ஒரு வரி சேர்த்தீர்களே, அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவை என்னென்ன வேலைகள் என்று விளக்கம் கேட்டு, விசா கொடுப்பதற்கு முன்னால் உங்களை நேர்காணலுக்குக் கூப்பிடப்போகிறார்களாம். ஒன்றும் செய்ய மாட்டேன், மகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று சொன்னால் போதும். இன்றைக்கே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகுங்கள். உங்களாலும் முடியாது சம்பந்தி.